தையற் பெட்டிக்கும் ஒரு வருடக் கணக்கு

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடி ஏறும் நாளுக்கும் ரமழான் தலைப்பிறைக்கும் இடையே மூன்று மாதங்கள் இருக்கின்றன. ஜமாதுல் ஆகிர், ரஜப், ஷஃபான் என்னும் இம்மூன்றும் கழிந்தால் நோன்பு வந்துவிடும். இரு நூற்றாண்டு மரபுடையதெனச் சொல்லப்படும் அக்கொடியேற்ற விழாவுக்குப் பன்னிரண்டு நாட்களும் சனங்கள் திரள்வர். பிள்ளைகள் மிட்டாய்க்கும் ஊதுகுழலுக்கும் அடம் பிடிப்பர். பெண்கள் வளையற் கடையைவிட்டு நகரார். வீடு திரும்பியதும், நோன்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று வயது சென்ற ஒருவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். எமது கரையோரத்து ஊர்களில் தையற் பெட்டியைத் திறந்து கணக்குப் பார்ப்பதற்கு அந்நாளைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை என்பது எமது அபிப்பிராயம்.

ஏறுகின்ற கொடியும் ஒரு தையல் வேலையே என்பதைச் சகோதரிகள் கவனித்திருப்பர். கடற்காற்று ஓயாது இழுக்கும் துணியின் ஓரத்தை ஒற்றை மடிப்பில் தைத்தால் சில நாட்களிலே அது நார்நாராகிவிடும். இரட்டையாக மடித்து, இரு வரி ஓட்டி, மூலைகளில் உறுதித் துண்டு வைத்துத் தைத்தாலே நிற்கும். ஆனால் நாம் இங்கு எழுத வந்தது கொடியைப் பற்றியன்று. அது ஏறிய பின்னர் வீட்டிலே செய்ய வேண்டிய வேலையைப் பற்றி.

வர்த்தகர் வருட முடிவில் இருப்பெடுக்கின்றார். போடியார் சூடு முடிந்ததும் விதைநெல்லை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்கிடுகின்றார். தைக்கின்ற பெண்கள் மாத்திரம் இருப்பெடுக்காமலே அடுத்த துணியை வாங்கிவிடுகின்றோம். கடைத்தெருவிலே புதிய அச்சுச் சீத்தை ஒன்று கண்ணிற் பட்டுவிட்டால், வீட்டிலே வெட்டியபடி கிடக்கும் மூன்று சட்டைகளும் நினைவுக்கு வருவதில்லை.

இம்முறை எமது அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது வெளிவந்தவற்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. கழுத்து முடித்துக் கை பொருத்தாத ஒரு சிறுமியின் சட்டை. அச்சிறுமி இப்போது ஆறாம் வகுப்பிலே படிக்கின்றாள். ஓரம் அடிக்காத தலையணை உறைகள் நான்கு. எவருடைய அளவுக்கு வெட்டினோம் என்பதே மறந்துபோன ஓர் அபாயாவின் முன்பாகம். அடியிலே, எப்போதாவது போர்வை தைப்போம் என்று சேர்த்து வைத்த பழைய சாறன்கள் மூன்று. இவற்றுக்குச் செலவான பணத்தைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பிள்ளையின் பெருநாள் உடுப்புக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது புதிய திட்டமன்று, பழையவற்றுக்குத் தீர்ப்பு. ஓர் இருப்பிலே முடிக்கக்கூடியவற்றை அந்தக் கிழமையிலேயே முடித்துவிட வேண்டும். அளவு மாறிவிட்டவற்றைப் பிரித்து, நல்ல துணியைச் சிறிய பிள்ளைகளின் உடுப்புக்கோ தொட்டிற் பிள்ளையின் விரிப்புக்கோ ஒதுக்கலாம். இரண்டு பெருநாட்களாகக் கைபடாத எதையும் மூன்றாவது பெருநாளுக்கும் நாம் தொடப்போவதில்லை என்பது அனுபவத்திற் கண்டது. அதனைத் தைக்கத் தெரிந்த வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதே நல்லது. இப்படித் துணிந்து கொடுப்பது எளிதன்று. எமது கையாலே வெட்டிய துணியைக் கொடுக்கும்போது எமது சோம்பலையும் சேர்த்துக் காட்டிக்கொடுப்பது போன்றதொரு கூச்சம் வருகின்றது.

இனித் திட்டத்துக்கு வருவோம். தையல் சம்பந்தமாகப் பிற நாடுகளில் எழுதுவோர் கோடைக்கு இவ்வளவு, குளிர்காலத்துக்கு இவ்வளவு என்று பருவந்தோறும் இலக்கு வகுத்துக்கொள்கின்றனர். அங்கே பருவமும் பண்டிகையும் வருடந்தோறும் ஒரே இடத்திலே சந்திக்கும். எமது நிலைமை வேறு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களின் தையல் வேலை மூன்று நாட்காட்டிகளுக்குக் கட்டுப்பட்டது. பெருநாட்கள் பிறையைப் பின்பற்றுகின்றன. கையிலே பணம் புழங்குவது வேளாண்மையைப் பின்பற்றுகின்றது. பாடசாலைச் சீருடை ஆங்கில வருடத்தைப் பின்பற்றுகின்றது. பிறைக் கணக்கின் வருடம் 354 அல்லது 355 நாட்களாகையால், பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கின்றது. ஏனைய இரண்டும் நின்ற இடத்திலே நிற்கின்றன.

இந்த நகர்வினால் வரப்போகும் ஒரு நெருக்கடியைச் சகோதரிகள் இப்போதே அறிந்துவைத்தல் நன்று. ஒக்டோபர், நவெம்பரில் விதைக்கப்படும் பெரும்போகம் எமது பகுதியிலே பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். 2025 ஆம் ஆண்டிலே நோன்புப் பெருநாள் மார்ச் 31 இல் வந்தது. நெல் விற்று, கடன் அடைத்து, துணிக்கடைக்குப் போக அவகாசம் இருந்தது. 2028 இல் அது பெப்ரவரியின் கடைசி நாட்களுக்கு வந்துவிடும். 2029 இல் பெப்ரவரி நடுப்பகுதி. 2030 இல் பெப்ரவரி முதல் வாரம். 2031 இல் ஜனவரியின் கடைசி வாரம். 2032 இல் ஜனவரி நடுப்பகுதி. 2033 ஆம் ஆண்டிலோ ஜனவரியின் தொடக்கத்தில் ஒன்றும் டிசெம்பர் பிற்பகுதியில் ஒன்றுமாக இரண்டு நோன்புப் பெருநாட்கள். பிறையைப் பொறுத்து ஒருநாள் முன்பின்னாகலாம், கணக்கு மாறாது.

இதன் பொருள் யாது? வயலிலே பயிர் பச்சையாக நிற்கும்போதே பெருநாள் வந்துவிடும். போடியார் வீட்டிலும் அவருடைய வயலிலே கூலிக்கு நிற்பவர் வீட்டிலும் ஒருங்கே பணமுடை இருக்கும் காலம் அது. வடகீழ்ப் பருவமழையும் அப்போதுதான். புதிய துணியை நனைத்து உலர்த்துவதற்கு வெயில் தேட வேண்டியிருக்கும். ஜனவரியிலே புதிய வகுப்புக்குச் சீருடையும் தைக்க வேண்டும். அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகின்றதாயினும் தைப்பதற்குக் கையும் நேரமும் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பணமில்லாத காலம், வெயிலில்லாத காலம், நேரமில்லாத காலம் மூன்றும் ஒரே ஆறு கிழமைக்குள் வந்து விழும்.

பிறை பருவங்களை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ முப்பத்து மூன்று வருடங்கள் செல்லும். ஆகவே இன்று ஐம்பதைக் கடந்த தாய்மார் இதனை ஒருமுறை கண்டிருக்கின்றனர். 1998, 1999, 2000 ஆம் ஆண்டுகளின் நோன்புப் பெருநாட்கள் ஜனவரியிலே வந்தன; 2000 ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் மற்றொன்றும் வந்தது. போர்க்காலம் வேறு. அக்காலத்திலே மழை ஈரம் வற்றாத துணியை அடுப்படிக் கொடியிலே போட்டு உலர்த்தியதும், பிள்ளைகளின் பெருநாட் சட்டையிலே பள்ளிவாசல் வரை புகை மணந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய சுற்று 1966, 1967 ஆம் ஆண்டுகளில். அதனை நினைவிலே வைத்திருப்போர் இன்று மூதாட்டிகள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். துணி வாங்கியது சிறுபோகத்து நெல்லிலே என்று சொல்வார்கள்.

அந்த விடையிலேதான் எமக்கு வேண்டிய வழி இருக்கின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரைப் பெறுகின்ற வயல்களில் சிறுபோகமும் உண்டு. அதன் அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில். 2030 டிசெம்பர் கடைசியிலே தொடங்கப்போகும் ரமழானுக்குரிய கொடியேற்றம் செப்டெம்பர் இறுதியிலே வரும். சிறுபோகத்துப் பணம் கையிலிருக்கும். மழை இன்னும் இறங்கியிராது. பாடசாலைத் தவணையும் முடிந்திராது. கொடி ஏறிய நாளிலே கணக்கெடுத்து, மறுநாளே துணி வாங்குகின்ற வீட்டுக்கு ஜனவரிப் பெருநாள் ஒரு நெருக்கடியேயன்று. பெரும்போகத்தை நம்பிக் காத்திருக்கும் வீடு துணிக்கடைக் கொப்பியிலே பெயரெழுத வேண்டியதுதான்.

முற்கூட்டியே தைப்பதில் ஓர் இடையூறு உண்டு. பிள்ளைகள் வளர்கின்றார்கள். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர், அதாவது இரண்டங்குலத்துக்குச் சற்று மேல், உயர்கின்றது. எனவே மழைக்கு முன்னர் தைக்க வேண்டியவை பெரியவர்களின் உடுப்பு, தலையணை உறை, திரைச்சீலை, விரிப்பு ஆகியன. இவை வளரமாட்டா. பிள்ளைகளுடையதைக் கடைசியிலே அளந்து வெட்டலாம். அவ்வாறு வெட்டும்போதும் கீழ் ஓரத்திலே இரண்டங்குல மடிப்பை உள்ளே விட்டால் அடுத்த பெருநாள் வரை அச்சட்டை நிற்கும். மடிப்பை அவிழ்த்த இடத்திலே கோடு தெரியுமென்று அஞ்சுவோர் அதன்மேல் ஒரு நாடாவை ஓட்டிவிடலாம். பருத்தித் துணியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்துவதை எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குகின்ற துணியிலே, விட்ட இரண்டங்குலமும் முதற் சலவையிலேயே போய்விடும்.

துணியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பழையவர்கள் இன்னும் யார்க்கணக்கிலே கேட்பர். கடைக்காரர் மீற்றரிலே வெட்டுவார். இந்த இரண்டுக்குமிடையே பலமுறை துணி குறைந்தோ கூடியோ போகின்றது. அறுபதங்குல அகலமுள்ள துணியிலே ஓர் அபாயாவுக்கு ஏறத்தாழ மூன்று மீற்றர் வேண்டும். நாற்பத்து நான்கு அங்குல அகலத்திலே எட்டு வயதுச் சிறுமியின் நீண்ட சட்டைக்கு இரண்டு மீற்றர் போதும். சகோதரிகள் இருவருக்கு ஒரே துணியிலே வெட்டினால் கை, கழுத்துத் துண்டுகள் ஒன்றின் மிச்சத்திலே மற்றொன்றுக்கு அமைந்துவிடும். அக்கா, தங்கையை ஒரே நிறத்திலே உடுத்துவதற்கு அழகு மாத்திரமே காரணமென்று எண்ணிவிடலாகாது.

பிறருக்குத் தைத்துக் கொடுத்துச் சீவியம் நடத்தும் பெண்கள் எமது ஊர்களிலே அநேகர். அவர்களுக்கு இலக்கு வைப்பதென்பது தம்முடைய கைக்கு எல்லை வைப்பதேயாகும். கொடியேற்றத்திலிருந்து நோன்பு வரை பதின்மூன்று கிழமைகள் இருக்கின்றன. சமையல், பிள்ளைகள், உறவினர் வீட்டுக் கலியாணம் எல்லாவற்றுக்குமிடையே கிழமைக்கு இரண்டு சட்டை தைப்பவர் இருபத்தாறு தைக்கலாம். காய்ச்சல், மழை, மின்வெட்டு என்று ஆறைக் கழித்துவிட்டு இருபதுக்கு மேல் ஏற்காதிருப்பது நலம். நோன்பு மாதத்தைக் கணக்கிலே சேர்க்கவே கூடாது. சஹருக்கு எழுந்து, நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சி, இரவுத் தொழுகையும் முடித்த பின்னர் எஞ்சியிருக்கும் கண்ணும் கையும் பொத்தான் வைப்பதற்கும் ஓரம் மடிப்பதற்குமே உதவும், வெட்டுவதற்கு உதவா.

எமக்கும் ஒருமுறை இந்தப் புத்தி இருக்கவில்லை. “ராத்தா, பெருநாளைக்கு முந்தின இரவு தந்தாலும் காரியமில்லை” என்று சொல்லித் துணியை வைத்துவிட்டுப் போனவர்கள் அவ்வருடம் முப்பத்து நால்வர். முப்பத்து நால்வருக்கும் பெருநாளுக்கு முந்திய இரவு ஒன்றுதானே! பிறை கண்டதாக வானொலியிலே அறிவித்த நேரத்திலே எமது மேசையில் ஒன்பது சட்டைகள் இருந்தன. விடியற்புறம் மூன்று மணிக்குக் கொடுத்த கடைசிச் சட்டையிலே இடக்கையை வலப்பக்கத்திலும் வலக்கையை இடப்பக்கத்திலும் பொருத்தியிருந்தோம். அப்பிள்ளை தொழுகைக்குப் போய்வரும்வரை தோளை உயர்த்தியபடியே நடந்தது. தாய் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த பெருநாளைக்குத் துணி கொண்டுவரவுமில்லை.

அன்றிலிருந்து நாம் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். பெயர், அளவு, துணி வந்த திகதி, கொடுக்க வேண்டிய திகதி, வாங்கிய முற்பணம் என்று ஐந்து நிரல்கள். இருபதாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எழுதக் கேட்பவர்களிடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாருங்கள் என்று சொல்கின்றோம். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையே பத்துக் கிழமைகள் வரை இருப்பதால் சிலர் சம்மதிக்கின்றனர். சிலர் கோபித்துக்கொண்டு போகின்றனர்.

அளவுக் கொப்பியின் அருமையை எமக்கு உணர்த்தியவர் வேறொருவர். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தபோது நாட்டின் மாவட்டங்களுள் அம்பாறையே மிக அதிகமான உயிர்களை இழந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் அழிந்தன; மருதமுனையின் தறிகளும் நூலும் அதிலே போயின. அவ்வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் நாலு கிழமைக்குள் வந்தது. பல வீடுகளிலே அப்பெருநாளுக்கென வெட்டிவைத்த துணி இருந்தது. பின்னர் நிவாரணமாக வந்த பொருள்களுள் தையல் இயந்திரங்களும் இருந்தன. கடலோரத்திலே தையல் செய்துவந்த ஒரு பெண்மணி, இயந்திரம் கிடைத்த பிறகும் தாம் தேடியது பழைய அளவுக் கொப்பியையே என்று எம்மிடம் சொன்னார். இருபது வருடத்து வாடிக்கைக்காரரின் அளவுகள் அதில் இருந்தனவாம். புதுக் கொப்பி வாங்கி நினைவிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்கினார். சில பெயர்களை எழுதிய பிறகு வெட்டினார்.

அவருடைய புதிய இயந்திரம் காலால் மிதிப்பது. அக்காலத்திலே, மின்சாரத்தில் ஓடுவது கிடைத்திருக்கலாமே என்று சிலர் குறைப்பட்டனர். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. ஏப்ரல் 3 ஆந் திகதி நோன்பு தொடங்கியது. மின் இயந்திரங்கள் துணி போர்த்தி நிற்க, மிதி இயந்திரம் வைத்திருந்த வீடுகளின் திண்ணையிலே அயலார் வரிசை நின்றனர். டொலர் ஒன்றின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறிய வருடம் அது. இறக்குமதித் துணியும் நூலும் அதே ஏணியில் ஏறின. 1877 இலிருந்து இந்நாட்டிலே விற்பனையாகிவரும் சிங்கர் இயந்திரங்களுள் தவணைப் பணத்துக்கு வாங்கிப் பேத்திவரை வந்து சேர்ந்தவை இன்னும் எமது ஊர்களில் இருக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்கு நிறுத்துப் போடுவோரைக் கண்டால் மனம் பொறுக்கவில்லை. பட்டியை மாற்றி, எண்ணெய் விட்டு, ஒரு மூலையிலே வைத்திருங்கள். கடற்காற்றில் உப்பு உண்டு. ஊசிகளை எண்ணெய் தோய்த்த துணியிலே செருகி வைக்காவிடின் துரு ஏறி, வெள்ளைச் சீருடையிலே மஞ்சட் புள்ளி விழும். விழுந்துவிட்டாற் கவலையில்லை. எலுமிச்சம் புளியும் உப்பும் தடவி வெயிலிலே வைத்தாற் போய்விடும். வெயில் இருக்கும் காலமாயின்!

மழைக் காலத்துக்கென ஒரே ஓர் இலக்கைச் சொல்லச் சொன்னால், நாம் ஒட்டுப்போர்வையைத்தான் சொல்வோம். எமது வெப்ப ஊருக்குப் போர்வை எதற்கென்று கேட்போர் டிசெம்பர் மழையிரவிலே ஓட்டு வீட்டில் படுத்தறியாதவர்கள். பஞ்சு வைத்துத் தைக்கும் கனத்த போர்வை எமக்கு வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலாலேயே இணைத்துக் காந்தா என்னும் போர்வையைச் செய்கின்றனர். பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நூலே அதற்கு நூல். வட கன்னடத்திலே ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வை ஓரத்திலே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூ என்று வைத்துத் தைப்பர். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வையன்று. இவ்விரண்டிலும் கடைக்குப் போய் வாங்கியது என்று ஏதுமில்லை.

எமக்கோ மருதமுனைச் சாறன் இருக்கின்றது. கைத்தறியில் நெய்த பருத்திச் சாறன் பல வருடம் உடுத்தாலும் முழுவதும் நைந்துபோவதில்லை. உட்காரும் இடத்திலே மாத்திரம் இழை தேய்ந்து, மிச்சம் உறுதியாகவும் மிருதுவாகவும் இருக்கும். மூட்டுத் தையலைப் பிரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தேய்ந்த இடம் தெரியும். அதனை வெட்டி நீக்கிவிட்டால் ஒரு சாறனிலே ஒரு யார் நீளமும் நாற்பதங்குல அகலமுமாக நல்ல துணி கிடைக்கும். அதிலே ஒன்பதங்குலச் சதுரங்கள் பதினாறு வெட்டலாம். தையலுக்குப் பக்கத்துக்கு அரையங்குலம் போக எட்டங்குலம் நிற்கும். ஆறு நிரலும் ஒன்பது வரிசையுமாக ஐம்பத்து நான்கு சதுரங்களை இணைத்தால் நான்கடி அகலம், ஆறடி நீளம். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். கட்டங்களை நேருக்கு நேர் பொருத்த முனைந்தால் கண்ணும் பொறுமையும் கெடும். ஒரு சதுரத்தின் கோடுகள் நெடுக்காகவும் அடுத்ததன் கோடுகள் குறுக்காகவும் வருமாறு வைத்துவிட்டால் அதுவே ஒரு கோலமாக அமையும். அடியிலே பழைய நூற்சேலை ஒன்றை விரித்து, சதுரங்களின் எல்லையோரமாகக் கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும். நாளுக்கு இரண்டு சதுரம் இணைத்தால் ஒரு மாதத்துக்குள் மேற்பரப்பு முடிந்துவிடும். மின்சாரமும் இயந்திரமும் வேண்டியதில்லை; மழையிலே வெளியே போக முடியாத பொழுதுகள் போதும். வெள்ள காலத்திலே ஒன்றை மறக்கலாகாது: துணிப் பெட்டியை நிலத்திலே வைக்காதீர்கள். 2024 நவெம்பர் மழையிலே எமது மாவட்டம் வெள்ளத்திலே மிதந்தபோது அது பலருக்குப் பாடமாயிற்று.

கலியாணச் சீருக்கான தையலை இங்கு விரிக்கவில்லை. பெண்ணுக்கு வீட்டையே கட்டிக் கொடுக்கும் எமது பகுதி வழக்கத்திலே அவ்வீட்டின் திரைச்சீலை முதல் தலையணை வரை எல்லாம் பெண் வீட்டார் கையிலிருந்தே வரவேண்டும். அது ஒரு தனிக் கட்டுரைக்குரிய பாரம். ஆயின் நோன்பு காலத்திலே அநாதைப் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுக்கும் நல்லோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மொத்த விலைக்கு ஒரே துணியை வாங்கி, ஐம்பது பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரித் தைத்துக் கொடுக்கின்றார்கள். பெருநாளன்று மைதானத்திலே அப்பிள்ளைகளைத் தூரத்திலிருந்தே இனங்கண்டுகொள்ளலாம். ஐந்தாறு நிறங்களிலே துணி எடுத்துக் கழுத்தும் கையும் சற்று மாற்றித் தைப்பதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. கொடியேற்றத்தன்றே துணி வந்துவிட்டாற் போதும். நோன்பின் இருபதாம் நாள் கொண்டுவந்து கொடுத்தால் எந்தக் கைக்கும் ஐம்பது விதம் வராது.

இவ்வருடக் கணக்கை நாம் எழுதிவிட்டோம். தலையணை உறைகள் நான்கும் ஓரம் அடித்தாயிற்று. கை பொருத்தாத சட்டையைப் பிரித்து அச்சிறுமியின் தங்கைக்கு வெட்டினோம். அபாயாவின் முன்பாகத்தைத் தையல் பழகும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். பின்பாகத்தை அவள் எப்படியோ சமாளித்துக்கொள்வாள். கொப்பியிலே பதினேழு பெயர்கள் ஏறிவிட்டன. கோட்டுக்கு மேலே இன்னும் மூன்று இடம். கீழ்த்தட்டிலிருந்த மூன்று சாறன்களிலே ஒன்று பாதிக்கு மேல் நைந்திருந்ததால் நாற்பது சதுரங்களே தேறின. போர்வைக்கு இன்னும் பதினான்கு வேண்டும். வாப்பாவிடம் நீலக் கட்டம் போட்ட பழைய சாறன் ஒன்று இருக்கின்றது. கேட்டுப் பார்த்தோம். இன்னும் இரண்டு வருடம் உடுக்கலாம் என்று சொல்லி அலுமாரியைப் பூட்டிவிட்டார்.